ஒஹாயோ ஸீனியாவில் வீடு வாங்கலாமா? டொர்னேடோ பயம் எந்த அளவுக்கு நியாயம்?

தென்காசிக்காரி:

வணக்கம். கணவருக்கு டேட்டன் பக்கம் வேலை மாறியதால் ஆறு மாதமாக பீவர்கிரீக்கில் ஒரு அபார்ட்மென்டில் இருக்கிறோம். வாடகை கட்டுப்படியாகவில்லை, வீடு வாங்கலாம் என்று இறங்கினால் பீவர்கிரீக்கில் எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் ஒன்றும் அமையவில்லை. பக்கத்தில் இருக்கும் ஸீனியாவில் இரண்டு வீடுகள் பிடித்திருக்கின்றன. சின்ன ஊர், அமைதியாக இருக்கிறது, பழைய ரயில் தடங்களைச் சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள், பையனுக்கு அதைப் பார்த்ததுமே ஊர் பிடித்துவிட்டது.

போன சனிக்கிழமை இரண்டாவது வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். எதிர்வீட்டுப் பாட்டி ஒருவர் தபால் எடுக்க வந்தவர், நின்று பேசினார். "இந்தத் தெருவில் இருக்கிற மரம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு, பார்த்தாயா?" என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன், ஒரே உயரம், ஒரே பருமன். 1974இல் வந்த டொர்னேடோவுக்கு (மேகத்திலிருந்து தரை வரை இறங்கிச் சுழன்று போகிற காற்று) பிறகு நட்டவையாம். அதற்கு முன் இருந்த ஒரு மரம்கூட அந்தத் தெருவில் மிச்சம் இல்லையாம். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. தேடிப் பார்த்தால் 1974, 1989, 2000 என்று வரிசையாக வருகிறது. வீடு காட்டுகிறவரைக் கேட்டால் "அதெல்லாம் பழைய கதை" என்கிறார்.

எங்கள் நிலைமை இதுதான். முதல் வீடு ஸ்லாப் (தரைமேலேயே கான்கிரீட் தளம் போட்டுக் கட்டியது), பேஸ்மென்ட் என்கிற நிலத்தடி அறை கிடையாது, எல்லாமே ஒரே தளம், விலையும் குறைவு. இரண்டாவது வீட்டில் பேஸ்மென்ட் இருக்கிறது, ஆனால் 13 படி, செங்குத்தாக, ஒரு பக்கம்தான் கைப்பிடி. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், அவருக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓடையும் போகிறது. அங்கேயே இருக்கிறவர்கள் உண்மையைச் சொல்லுங்கள், இந்த ஊரில் வாங்கலாமா, கூடாதா?

டேட்டன்வாசி:

சகோதரி, நான் 1998இல் இங்கே வந்தவன், ஸீனியாவில் ஐந்து வருடம் குடியிருந்தேன், இப்போது ஃபேர்பார்னில். பாட்டி சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. ஆனால் பயந்து ஓட வேண்டிய ஊரும் இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

1974 ஏப்ரல் 3, புதன்கிழமை, மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால். தென்மேற்கே பெல்புரூக் பக்கம் தரையிறங்கிய டொர்னேடோ அரை மைல் அகலத்துக்கு ஊரின் நடுவே போனது. எஃப்5, அதாவது ஃபுஜிடா அளவையில் உச்சம். முதலில் விண்ட்சர் பார்க், ஆரோஹெட் என்ற குடியிருப்புகள், அப்புறம் கடைவீதி, அப்புறம் வில்பர்ஃபோர்ஸில் இருக்கும் இரண்டு கறுப்பினப் பல்கலைக்கழகங்கள். 32 பேர் இறந்தார்கள், ஆயிரம் பேருக்கு மேல் காயம், ஊரில் பாதிக் கட்டடங்கள் இடிந்தோ சேதப்பட்டோ போயின. சில நாள் கழித்து, உதவிக்கு வந்த தேசியக் காவல் படையினர் இருவர் தீ விபத்தில் இறந்தார்கள். ஊர் வழியே போய்க்கொண்டிருந்த சரக்கு ரயில் கவிழ்ந்து மெயின் ஸ்ட்ரீட்டையே மறித்துவிட்டது. உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் மேடையில் நாடக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள், வெளியே பார்த்த ஒரு மாணவி சொல்லி எல்லோரும் நடைபாதைக்கு ஓடிப் படுத்தார்கள், போன பிறகு எழுந்து பார்த்தால் அவர்கள் நின்ற மேடை மேல் பள்ளிப் பேருந்து கிடந்தது. இது கட்டுக்கதை இல்லை, படங்கள் இருக்கின்றன.

வகுப்புகள் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு வந்ததால்தான் சாவு இந்த அளவோடு நின்றது என்று என்னோடு வேலை பார்த்த பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அன்று ஊரில் சைரன் ஒன்றுகூடக் கிடையாது. டேட்டன் டிவியில் வானிலை சொல்லும் கில் விட்னி ரேடாரில் கொக்கி மாதிரி வளைந்திருந்த உருவத்தைக் காட்டி நேரலையில் எச்சரித்ததுதான் பலரைக் காப்பாற்றியது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது ஸீனியாவுக்கு மட்டும் வந்தது இல்லை. அந்த இரண்டு நாளில் 13 மாநிலங்களில் 148 டொர்னேடோ, 300 பேருக்கு மேல் இறந்தார்கள். ஸீனியா அதிகமாக அடிபட்டதால் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

2000ஐ நான் நேரில் பார்த்தேன். செப்டம்பர் 20, அதுவும் புதன்கிழமை, இரவு ஏழரை மணி வாக்கில், இருட்டுகிற நேரம். மழை கொட்டுகிறது, கரண்ட் போய்விட்டது. மனைவி மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தாள், நான் வாசல் கதவைத் திறந்து நின்றேன். சைரன் சத்தமே இல்லை. சைரன் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மின்சாரம் போனதால் சைரன்கள் வாயடைத்துப்போயின, பேட்டரி வைத்திருக்கவில்லை. எஃப்4 எங்கள் தெருவுக்கு ஒரு மைல் வடக்கே, பழைய 1974 பாதையை ஒட்டியே போயிருக்கிறது. ஒருவர் இறந்தார், நூறு பேருக்கு மேல் காயம். நான் வாசலில் நின்ற அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும். சைரன் வெளியே வயலிலும் மைதானத்திலும் நிற்கிறவர்களுக்காக வைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஏசி ஓடுகிற அறையில் தூங்குகிறவரை எழுப்ப அதை நம்பக்கூடாது.

பட்டுக்கோட்டையான்:

"ஸீனியாவுக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது" என்று நிறையப் பேர் சொல்வார்கள், ஷானி பழங்குடி மக்கள் அந்த இடத்தைப் பேய்க்காற்று வீசும் இடம் என்று அழைத்தார்கள் என்று ஒரு கதையும் உலவுகிறது. அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்த ஊரின் மண்ணிலோ மேட்டிலோ டொர்னேடோவை இழுக்கிற சங்கதி எதுவும் இல்லை. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று மேலே ஏறி வரும், மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று அதன் தலைக்கு மேல் வரும், உயரம் போகப் போகக் காற்றின் திசையும் வேகமும் மாறும், இந்த மூன்றும் சேர்ந்தால் தென்மேற்கு ஒஹாயோவில் எந்த ஊர் மேலும் இறங்கலாம். 2019இல் உங்கள் பீவர்கிரீக்கிலேயே இறங்கியது. 2024 பிப்ரவரி 28 விடியற்காலையில், குளிர்காலத்தில், ரைட் பேட்டர்சன் விமானத் தளத்துக்குள்ளேயே ஒன்று வந்தது. அந்த வருடம் ஒஹாயோ முழுக்க 70க்கும் மேல், மாநிலத்தின் பழைய கணக்கையெல்லாம் தாண்டிவிட்டது. ஆகவே ஸீனியாவை விட்டுவிட்டுப் பத்து மைல் தள்ளி வாங்கினால் ஆபத்து குறையும் என்பது மனசுக்கு ஆறுதல், அவ்வளவுதான்.

எனக்கு ஊர் பட்டுக்கோட்டை பக்கம். 2018 நவம்பரில் கஜா வந்தபோது அப்பா அம்மாவிடம் மூன்று நாள் முன்னாலிருந்தே போனில் பேசிக்கொண்டிருந்தேன், அரிசி வாங்கி வையுங்கள், தண்ணீர் பிடித்து வையுங்கள் என்று. தென்னை அத்தனையும் போனது, ஆனால் வருகிறது என்று தெரியும். புயல் மாவட்டக் கணக்கில் அடிக்கும், நாள் கணக்கில் சொல்லிவிட்டு வரும். இங்கே தெருக் கணக்கு, நிமிடக் கணக்கு. நம் ஊர்ப் பழக்கத்தில் "டிவியில் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்" என்று உட்கார்ந்தால் அதற்குள் முடிந்துவிடும். வானிலைத் துறை அறிவிப்பில் வாட்ச் என்றால் இன்று வர வாய்ப்பு இருக்கிறது என்று பொருள், பல மாவட்டங்களுக்குச் சில மணி நேரத்துக்குப் போடுவார்கள், அப்போது போனை சார்ஜ் போடுங்கள், செருப்பை எடுத்து வையுங்கள். வார்னிங் என்றால் ரேடாரில் தெரிந்துவிட்டது அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள், உடனே இறங்க வேண்டும், பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது.

டொர்னேடோவைப் பற்றி மட்டும் யோசித்து மற்றதை விட்டுவிடாதீர்கள். 1978 ஜனவரி பனிப்புயலில் ஒஹாயோவில் மட்டும் 51 பேர் இறந்தார்கள், டர்ன்பைக் நெடுஞ்சாலையை வரலாற்றிலேயே முதல் முறையாக மூடினார்கள். 2008 செப்டம்பர் 14, ஐக் சூறாவளி டெக்சாஸில் கரை ஏறி அதன் மிச்சம் இங்கே வந்தது, மழையே கிடையாது, வெறும் காற்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்களுக்கு ஏழு நாள் கரண்ட் இல்லை. 2012 ஜூன் 29 டெரேச்சோ (நீண்ட தூரம் நேராக அடித்துக்கொண்டு போகிற இடிமழைக் காற்று), அது கொளுத்துகிற வெயில் காலத்தில். என் கணக்கில் ஸீனியாவில் முப்பது வருடம் இருந்தால் டொர்னேடோவை நேரில் பார்க்காமலே போகலாம், ஒரு வாரம் கரண்ட் இல்லாமல் இருப்பதை நிச்சயம் பார்ப்பீர்கள். மாமியாருக்கு மருந்து ஏதாவது ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியது இருந்தால் அதற்கு இப்போதே ஒரு வழி செய்யுங்கள்.

அந்த ஓடை விஷயம். 1913 வெள்ளம் டேட்டனை மூழ்கடித்த பிறகு கிரேட் மியாமி ஆற்றிலும் அதில் சேரும் ஆறுகளிலுமாக ஐந்து அணை கட்டினார்கள், அதனால் டேட்டன் தப்பித்துக்கொண்டிருக்கிறது. ஸீனியா லிட்டில் மியாமி பக்கம், அந்த அணைகளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஊர் மேட்டில்தான் இருக்கிறது, ஆனால் சின்ன ஓடைதானே என்று விட்டுவிடக்கூடாது, 1886 மே மாதம் ஸீனியாவுக்குள்ளேயே ஷானி கிரீக் ஒரே இரவில் பெருகி இருபது பேருக்கு மேல் அடித்துக்கொண்டு போனது. ஃபீமா (அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், இலவசம்தான்.

மூன்று_பிள்ளை_அம்மா:

அக்கா, நான் பீவர்கிரீக்கில் 2019இல் அடி வாங்கியவள். ஸ்லாப் வீடு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மே 27, மெமோரியல் டே, லீவு நாள். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு மேல், டேட்டனில் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது என்று போனில் வந்தது, நான் அது அங்கேதானே என்று இருந்தேன். அடுத்த அலாரம் எங்களுக்கு. மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு நடுவில் இருக்கிற சின்ன பாத்ரூமுக்குள் போய், தொட்டிக்குள் உட்கார வைத்து, மேலே கட்டில் மெத்தையை இழுத்துப் போட்டு அவர் அதைப் பிடித்துக்கொண்டார். காது அடைத்தது, விமானம் இறங்கும்போது அடைக்குமே அப்படி. ரயில் சத்தம் என்பார்கள், எனக்கு அது மிக்சியில் கல் போட்டு அரைத்த மாதிரி கேட்டது. ஒரு நிமிடம்கூட இருக்காது.

கதவைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறியது பச்சை மரம் அறுத்த வாசனை, அதோடு கேஸ் வாசனை. சுவர்களுக்குள் வைக்கும் ரோஸ் நிறப் பஞ்சு தெரு முழுக்க, புல்மேல், கார்மேல், மரக்கிளையில் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்குக் கூரையும் கராஜும் போனது. இரண்டு வீடு தள்ளி மேல்தளமே இல்லை, அந்த வீட்டுக்காரர்கள் பேஸ்மென்டிலிருந்து டார்ச் அடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள், ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்த பிறகு என்னால் ஸ்லாப் வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை, விற்றுவிட்டு வந்தோம். அந்த இரவு இந்த வட்டாரம் முழுக்க அவ்வளவு வீடு போயும், காற்றில் நேரடியாக இறந்தவர் சிலைனா என்ற ஊரில் ஒருவர்தான். போன் அலாரத்தால்தான் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

அப்புறம் இன்சூரன்ஸ். இதில் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். காற்றுச் சேதம் சாதாரண வீட்டு இன்சூரன்ஸிலேயே வரும், ஆனால் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் டிடக்டிபிள் (முதலில் நாமே போட வேண்டிய தொகை) தனியாகச் சதவீதத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு 2 சதவீதம் என்று எழுதியிருந்தது, ஏதோ சின்னத் தொகை என்று நினைத்தோம். அது வீட்டுக்குப் போட்ட காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். மூன்று லட்சம் டாலர் வீடு என்றால் முதல் ஆறாயிரம் நம் பாக்கெட்டிலிருந்து. அதோடு கூரைக்குப் புதுக்கூரை விலையா, தேய்மானம் கழித்த விலையா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எங்கள் கூரை 16 வருடப் பழசு என்று சொல்லிப் பாதிக்கும் கீழேதான் கொடுத்தார்கள், எட்டு மாதம் அலைந்தோம்.

வெள்ளம் இதில் வராது, அதற்குத் தனி பாலிசி. அரசாங்க வெள்ளக் காப்பீடு எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை, அதனால் கையெழுத்து போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பேஸ்மென்டில் சாக்கடை எதிர்த்து வந்தால் அதற்கும் தனியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

தென்காசிக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அந்த மெத்தையைப் பற்றிப் படித்துவிட்டு மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் "என்னால் இறங்க முடியாதே என்று நீங்கள் வேறு வீடு பார்க்க வேண்டாம், நீங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள், நான் மேலே இருந்துகொள்கிறேன்" என்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகைதான் வந்தது. அவரை மேலே விட்டுவிட்டு நான் எப்படி இறங்குவேன்? சாதாரண நாளிலேயே 13 படி இறங்க அவருக்கு மூன்று நிமிடம் ஆகும். ஒரே தளமாக இருந்தால் அன்றாடம் சுலபம் என்றுதான் ஸ்லாப் வீட்டை யோசித்தோம்.

டேட்டன்வாசி:

சகோதரி, பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் போனாலும் ஏழு நிமிடம் மிச்சம் இருக்கிறது. தாமதம் முழங்காலால் வருவதைவிட "இது நமக்குத்தானா" என்று யோசிப்பதால்தான் வருகிறது. 2000இல் நான் செய்தது அதைத்தான். உங்கள் மாமியாருக்கு மட்டும் ஒரு தனி விதி வையுங்கள். மற்றவர்கள் வார்னிங் வந்ததும் இறங்கலாம், அவர் வாட்ச் வந்து வானம் கறுத்ததுமே இறங்கிவிட வேண்டும். கீழே நல்ல நாற்காலி, போர்வை, விளக்கு, தண்ணீர், ஒரு சின்ன டிவி வைத்துக் கொடுங்கள். கீழே போவது தண்டனை மாதிரி இருந்தால் நான்காவது தடவை வர மாட்டேன் என்பார்கள், என் அம்மா அப்படித்தான் சொன்னார். இரண்டாவது பக்கமும் கைப்பிடி அடிப்பது ஒரு சனிக்கிழமை வேலை. படி விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள், கரண்ட் போனால் தானாக எரிகிற விளக்கு ஒன்றைப் படிக்கட்டில் செருகி வையுங்கள்.

ஸ்லாப் வீடுதான் என்று முடிவானால் அதற்கும் வழி இருக்கிறது. கராஜ் தரையில் போல்ட் போட்டு இறுக்குகிற இரும்பு அறை விற்கிறார்கள், ஃபீமா விதிப்படி செய்ததா என்று பார்த்து வாங்க வேண்டும், சக்கர நாற்காலிகூட உள்ளே போகிற அளவில் கிடைக்கும். சில ஆயிரம் டாலர் ஆகும், அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள். உங்கள் மாமியாரைப் பொறுத்தவரை இதுவே சுலபம் என்றுகூட எனக்குப் படுகிறது.

எந்த வீடானாலும் வானிலை ரேடியோ ஒன்று, பேட்டரி போட்டு, மாமியாரின் படுக்கை பக்கத்தில் இருக்கட்டும். ஸீனியா இருக்கிற கிரீன் கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 039057 என்ற எண்ணைப் போட்டுவிட்டால் நம் கவுண்டிக்கு வந்தால் மட்டும்தான் கத்தும். போன் சைலன்டில் கிடந்தாலும், டவர் விழுந்தாலும் இது எழுப்பிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்தால் வீடு தப்பும் என்று யாராவது பழையவர்கள் சொன்னால் கேட்காதீர்கள், அந்த நேரத்தில் ஜன்னல் பக்கமே போகக்கூடாது. காரில் இருக்கும்போது வந்தால் பாலத்துக்கு அடியில் ஒதுங்காதீர்கள், அங்கே காற்று இன்னும் மோசம்.

மூன்று_பிள்ளை_அம்மா:

அண்ணன்கள் சொன்னதோடு ஒன்று. செருப்பு இல்லை, ஷூ. ஆளுக்கு ஒரு ஜோடி பழைய ஷூ கீழேயே இருக்கட்டும். நாங்கள் வெறுங்காலோடு வெளியே வந்தோம், தரை முழுக்க ஆணியும் கண்ணாடியும். பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட்டும் அங்கேயே தொங்கட்டும், தலைக்குப் போட்டுக்கொள்ளலாம். பேஸ்மென்ட் வீடு வாங்கினால் சம்ப் பம்புக்கு (கீழே சேரும் தண்ணீரை வெளியே தள்ளுவது) பேட்டரி இருக்கிறதா என்று இன்ஸ்பெக்‌ஷனில் கேளுங்கள். கரண்ட் போகிற நேரமும் மழை கொட்டுகிற நேரமும் ஒன்றுதான், பம்ப் நின்றால் ஒளிந்துகொள்கிற இடத்திலேயே தண்ணீர் ஏறும். ரேடான் (மண்ணிலிருந்து கசிகிற கதிரியக்க வாயு) சோதனையும் செய்துவிடுங்கள், ஒஹாயோ பேஸ்மென்ட்களில் அது அதிகம்.

தென்காசிக்காரி:

நேற்று மறுபடி போய் இரண்டாவது வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம், இந்த முறை மாமியாரையும் கூட்டிக்கொண்டு. ஓடை வெள்ள வரைபடத்தில் வீடு கோட்டுக்கு வெளியே இருக்கிறது, ஆனாலும் வெள்ள பாலிசிக்கு விலை கேட்டிருக்கிறோம். சம்ப் பம்புக்கு பேட்டரி இல்லை, அதைக் குறித்துக்கொண்டோம். மாமியார் ஒரு கையில் கைப்பிடி, ஒரு கையில் என் தோள், நின்று நின்று இறங்கினார். கணவர் போனில் நேரம் பார்த்தார், இரண்டு நிமிடம் நாற்பது நொடி. கீழே போய் நின்றுகொண்டு "இங்கே ஒரு நல்ல நாற்காலி போடு, சாய்ந்துகொள்கிற மாதிரி" என்றார்.

எதிர்வீட்டுப் பாட்டி அன்றும் வெளியே இருந்தார். 1974இல் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டேன். எங்களுக்குப் பிடித்த இதே வீட்டின் பேஸ்மென்டில்தானாம், வீடு அப்புறம் திரும்பக் கட்டியது, கீழ்ச் சுவர் மட்டும் பழசு. விலை எழுதிக் கொடுத்துவிட்டோம். வியாழக்கிழமை பதில் வரும். இரண்டாவது கைப்பிடி அடிக்க ஸீனியா பக்கம் நல்ல தச்சர் யாராவது தெரிந்தால் தனிமடலில் சொல்லுங்கள்.